பிரேக் அக்காவும் சுவர் டாக்டரும்

பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து வருகிறவள். பயிற்சிக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் மிதி உண்டு. ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பர் புதுக்கருக்கு அழியாமல் இருக்க, அவள் பக்கத்து ரப்பரை மட்டும் நான்கு தடவை மாற்றியிருந்தார்கள். அவளுடைய வலது கால் அந்த மிதிக்கு ஒரு விரல் உயரத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். வாய் பேசும், கண் கண்ணாடியைப் பார்க்கும், கை ஸ்டியரிங்கை லேசாகத் திருத்தும். கால் யாரிடமும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஐம்பதை நெருங்கிய வருடம், மழை விட்ட சமயத்தில், அந்தக் கால் கொஞ்சம் அதிகமாகவே வேலை பார்க்க ஆரம்பித்தது. காலை ஏழு மணி, காலியான சாலை, எதிரே ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை. கார் படாரென்று நிற்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர் பதறிப்போய், "என்ன தப்பு பண்ணேன் அக்கா?" என்று கேட்பார்.

தான் மிதித்ததே பிரேக் அக்காவுக்குக் கார் நின்ற பிறகுதான் தெரியும். ஆனால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் அவளிடம் இல்லை. "நீயே யோசி, தெரியும்" என்பாள்.

அவர்களும் யோசித்தார்கள். ஒருத்தி கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஒருவர் துணிக்கடை பொம்மையை வேடிக்கை பார்த்ததைச் சொன்னார். ஒரு வங்கி அதிகாரி, கண் பரிசோதனையின்போது எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போனதாகச் சொல்லிக் கண் கலங்கினார். அந்த மாதம் பள்ளியில் முதல் முயற்சியிலேயே பாஸானவர்கள் என்றுமில்லாத அளவுக்கு அதிகம். முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

விஷயம் வெளியே வந்தது ஒரு நர்ஸால். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், ஏழாவது வகுப்புக்கு வந்திருந்தாள். கார் சாலையோரம் நின்றிருந்தது. நர்ஸ் குனிந்து கீழே பார்த்தாள். பிரேக் அக்காவின் வலது பாதம் தையல் மெஷின் மிதிப்பதுபோல் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க கால் தனியா ஆடுது."

"பழக்கம்."

"நிறுத்துங்க பாக்கலாம்."

பிரேக் அக்கா நிறுத்தப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை. ஒரு நிமிடம் ஆடிவிட்டு, தானாக ஓய்ந்தது. பதற்றத்தில் மற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இவளுக்குக் கை ஓடவில்லை, கால் மட்டும் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

"எத்தன நாளா இப்படி?" என்றாள் நர்ஸ். பல் சம்பந்தப்பட்ட நர்ஸுக்கு இவ்வளவு கடுமையான குரல் எதற்கு என்று பிரேக் அக்காவுக்குத் தோன்றியது. அன்றைக்கே நர்ஸ் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் மெஷினுக்குள் தகர டப்பாவில் படுத்திருக்க, வெளியே நாலு பேர் அதைச் சுத்தியலால் அடிப்பதுபோல் முக்கால் மணி நேரம் சத்தம் கேட்டது. கடைசியில் ரிப்போர்ட்டில், தலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கத்தில், மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருப்பதாக எழுதியிருந்தது.

அவளுடைய கணவர் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருந்தவர். கவலை வந்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள், சிலர் நிறையச் சாப்பிடுவார்கள். இவர் லேமினேட் செய்வார். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார், கடைக்குப் போனார், அரை மணி நேரத்தில் நான்கு பக்கத்தையும் பளபளவென்று பிளாஸ்டிக் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப எதுக்குங்க இது?"

"கசங்காம இருக்கும்ல" என்றார். குரல் மட்டும் கசங்கியிருந்தது.

மூளை அறுவை சிகிச்சை நிபுணரிடம் மூன்று பேராகப் போனார்கள்: அவள், கணவர், அவளுடைய தம்பி. தம்பி வாஷிங் மெஷின் மெக்கானிக். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் ஏதோ ஒரு விதத்தில் வாஷிங் மெஷின் கோளாறுதான் என்பது அவன் கட்சி.

கதவைத் திறந்து உள்ளே போனதும் டாக்டர் எழுந்து நின்றார். நோயாளியைப் பார்த்து டாக்டர் எழுந்திருப்பது புதிதாக இருந்தது. அதோடு, அவருடைய இடது கை தன்னிச்சையாகத் தோளுக்குப் போய் எதையோ தேடி, சட்டையைத் தடவிவிட்டு இறங்கியது. சீட் பெல்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற கை அது. அந்த நொடியில் பிரேக் அக்காவுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

அவளுக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பெயர் ஒருநாளும் நினைவில் நிற்காது. பட்டப்பெயர் வைத்துக்கொள்வாள். இண்டிகேட்டர் போடச் சொன்னால் கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் போட்டவருக்கு வைப்பர் என்று பெயர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மெலிந்த மருத்துவ மாணவன் ஒருவன் வந்தான். பயிற்சிப் பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒரே மாதத்தில் மூன்று முறை இடித்தான். மூன்றாவது முறை சுவர் விழுந்தது. அவனுக்குச் சுவர் என்று பெயர் வைத்தாள். நாற்பத்தோரு வகுப்பு, நான்கு தேர்வு, நான்கிலும் தோல்வி. இருபத்திரண்டு வருடத்தில் அவளால் கரையேற்ற முடியாத ஒரே ஆள்.

"வணக்கம் மேடம்" என்றார் சுவர். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று ஸ்கேனைப் பார்த்தார்.

ஆனால் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். கட்டி மூளைக்குள் இல்லை, மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் வளர்ந்து மூளையை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். பார்த்தால் புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி என்றார்.

"அது அமுக்கற இடம்தான் மேடம் உங்க வலது காலுக்கு ஆபீஸ். அங்க யாரோ அப்பப்ப ஸ்விட்ச்ச தட்டறாங்க. அதனாலதான் கால் ஆடுது, அதுவும் ஒரு வகை வலிப்புதான். இன்னையிலேர்ந்து நீங்க ஓட்டக் கூடாது, பக்கத்துல உக்காந்து பிரேக்கும் போடக் கூடாது."

"சரி, என்ன பண்ணலாம்?"

"ரெண்டு வழி இருக்கு. மாத்திரை போட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்து வளருதான்னு பாக்கலாம். இல்ல, தலையத் திறந்து எடுத்துடலாம். இந்த அளவுக்கு, இந்த இடத்துல, எடுக்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன்."

தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்தான். "டிரம்ம வெளிய எடுக்காம பெல்ட்ட பாக்க முடியாது, அதானே டாக்டர்? சரி, மூடும்போது?"

"எடுத்த எலும்ப அதே இடத்துல வச்சு, சின்னத் தகடு, திருகாணி போட்டு மூடுவோம்."

"திருகாணி மிச்சமாச்சுன்னா?"

"மிச்சமாகாது. எண்ணித்தான் போடுவோம்."

"நானும் எண்ணித்தான் போடறேன். அப்பவும் ரெண்டு மிச்சமாகுது" என்றான் தம்பி வருத்தத்தோடு.

டாக்டர் ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதப் பார்த்தார். பேனா பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு தடவை முயன்றுவிட்டு, தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து படியிறங்கும்போது பிரேக் அக்கா சொன்னாள்: "முடியவே முடியாது. தலைகீழா நின்னாலும் முடியாது. அந்தக் கை ஒரு காரை ரிவர்ஸ் எடுக்காது. அதையா என் தலைக்குள்ள விடறது?"

"அது பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி" என்றார் கணவர்.

"சுவர் விழுந்துதுங்க. நான் காருக்குள்ள இருந்தேன்."

வீட்டில் ஒரு வாரம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கணவர் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ஆபரேஷன் வேண்டும், மறுபக்கம் வேண்டாம் என்று எழுதி, காரணங்களை நிரப்பும்படி கொடுத்தார். வேண்டாம் என்ற பக்கத்தில் அவள் "சுவர்" என்று மட்டும் எழுதினாள். இன்னொன்று எழுதலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதை லேமினேட் செய்துவிட்டார்.

எட்டாம் நாள் தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தாள். மாத்திரை போட்டும் கால் ஆட ஆரம்பித்தது. டக்டக்டக். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். காத்திருக்கப் பொறுமையில்லாமல் காலைத் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"அவசரம்னா முன்னாடி போங்கம்மா, எதுக்குத் தரையத் தட்டறீங்க?" என்று ஒதுங்கினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஒதுங்கினார். வரிசை மொத்தமும் பிளந்து வழிவிட்டது. பதினாலாவது ஆளாக நின்றவள் ஒரே நிமிடத்தில் கவுண்டருக்கு வந்துவிட்டாள். இதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் ஆட்டம் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியது, முழங்காலிலிருந்து தொடைக்கு. பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாமல் தரையில் உட்கார்ந்தாள். தபால் அலுவலகத்தின் பச்சைத் தரையில் தன் கால் தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிராணிபோல் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறையாகப் பயம் வந்தது.

அன்று மாலை, "எடுத்துடலாம்" என்றாள். "ஆனா வேற டாக்டர்."

தம்பி விசாரித்து வேறொரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கினான். பெரிய பெயர், பெரிய கட்டடம். சீக்கிரமே வந்துவிட்டதால் மூவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நீளமான கறுப்புக் கார் இண்டிகேட்டர் போடாமல் உள்ளே திரும்பியது. ஓட்டியவர் ஒரு கையில் போனைக் காதில் வைத்திருந்தார். கார் சரக்கென்று வந்து, இரண்டு வண்டிக்கான இடத்தில் குறுக்காக நின்றது. வண்டி நிறுத்தும் கோடு காரின் நடு வயிற்றுக்குக் கீழே ஓடியது. இறங்கியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

"அவர்தான்" என்றான் தம்பி.

பிரேக் அக்கா அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், அவர் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவரும் சுவர் சொன்னதையே சொன்னார்: எடுத்துவிடுங்கள். அவர் கெட்டிக்காரர் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வெளியே வந்து, "ரெண்டு பேர் இடத்த எடுத்துக்கறாரு" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி சுவரிடம் போனார்கள். இந்த முறை அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டாக்டர், இப்ப எப்படி ஓட்டறீங்க?"

"ஓட்டறதில்ல மேடம்."

"இன்னும் லைசென்ஸ் வாங்கலயா?"

"கடைசி வகுப்புல நீங்க ஒண்ணு சொன்னீங்க. 'தம்பி, சில பேர் ஓட்டணும், சில பேர் ஏறி உக்காரணும், நீ ரெண்டாவது வகை'ன்னு. அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல. பஸ்ஸுலதான் போறேன், வரேன்."

அவள் டாக்டரை மறுபடி ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆயிரக்கணக்கான புத்திமதி சொல்லியிருக்கிறாள். சொன்னதை அப்படியே கேட்ட ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"இந்த மாதிரி இடத்துல இதுவரைக்கும் எத்தன ஆபரேஷன் பண்ணிருக்கீங்க?"

"நூத்தி அறுபத்தி மூணு. அதுல ரெண்டு பேருக்குக் கால் முழுசா திரும்பி வரல. உங்களுக்கும் ஆபரேஷன் முடிஞ்சதும் வலது கால் சில வாரம் பேச்சு கேக்காம போகலாம். பெரும்பாலும் வந்துடும். கட்டாயம் வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"அந்த ரெண்டு பேரு இப்ப எப்படி இருக்காங்க?"

டாக்டர் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. ஒருவர் கைத்தடியோடு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார், இன்னொருவர் போன மாதம்தான் வந்து கோபமாகப் பேசிவிட்டுப் போனார் என்றார். "கோபப்படறதுக்கு அவருக்கு உரிமை இருக்கு மேடம்."

"சரி" என்றாள் பிரேக் அக்கா. "பேப்பரக் குடுங்க."

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் நிதானமாகப் படிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது தவறாகிவிட்டது. மறுநாள் கணவர் அதைப் பிளாஸ்டிக் போட்டுக் கொண்டுவந்தார். வரவேற்பறைப் பெண் கையெழுத்து வாங்க மூன்று வகைப் பேனாவைக் கொண்டு முயன்றுவிட்டு, புதிதாக ஒன்று அச்சடித்து, அதைக் கணவர் கண்ணில் காட்டாமல் நேராக அவளிடம் கொடுத்தாள்.

அறுவை சிகிச்சைக்கு முந்திய மாலை ஆஸ்பத்திரி அறையில் கணவர் அவளுக்குத் தலை வாரிவிட்டார். பழக்கமில்லாத வேலை. சீப்பு சிக்கும் இடத்திலெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாரினார்.

"கால் வரலன்னா என்னங்க பண்றது?"

"வர்ற வரைக்கும் நான் தூக்கறேன்."

"அரிசி மூட்டையே தூக்க மாட்டீங்க."

"ரெண்டு தவணையா தூக்கறேன்."

அவள் சிரித்தாள். அப்புறம் அவர் முகம் தெரியாதபடி பின்னால் நின்றுகொண்டே ரொம்ப நேரம் வாரினார். வாருவதற்கு அங்கே முடி அவ்வளவு இல்லை.

ஐந்தரை மணி நேரம் ஆனது. வெளியே தம்பி, தான் பழுதுபார்த்ததிலேயே சிக்கலான மெஷின்களைப் பற்றி மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மாமா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. டாக்டர் பச்சை உடையோடு வெளியே வந்து, கட்டி முழுதாக வந்துவிட்டது என்றார். தம்பியின் பக்கம் திரும்பி, "எதுவும் மிச்சமாகல" என்றார்.

மயக்கம் பாதி தெளிந்த நிலையில் அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளிய ஊழியர் பிறகு நெடுநாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடைவழியின் முனையில் திரும்பும்போது நோயாளி கண்ணைத் திறக்காமலே, "கண்ணாடி பாத்தியா?" என்று கேட்டாளாம். லிப்ட் வாசலில், "பின்னாடி தள்ளி நில்லு, இடைவெளி வேணும்" என்றாளாம். வார்டில் கட்டிலோடு ஸ்ட்ரெச்சரை ஒட்டி நிறுத்தியதும், "பரவால்ல, நாளைக்கு இன்னும் நல்லா வரும்" என்றாளாம். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடத்தில் தன்னை யாரும் பாராட்டியதில்லை என்றார் அந்த ஊழியர்.

மறுநாள் தெளிவு வந்தது. கூடவே தெரிந்தது, வலது கால் இல்லை. இருந்தது, போர்வைக்குக் கீழே பார்த்தால் ஐந்து விரலோடு இருந்தது. ஆனால் கட்டளை போய்ச் சேரவில்லை. மடக்கு என்றாள். நீட்டு என்றாள். பிறகு கெஞ்சினாள். அடுத்தவர் கால் தன் கட்டிலில் கிடப்பதுபோல் அது சும்மா கிடந்தது. டாக்டர் முன்பே சொன்னதுதான். சொல்லிக் கேட்பது வேறு, கிடந்து பார்ப்பது வேறு. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்த வார்டில் எல்லோரும் மெதுவாகவே நடந்தார்கள்.

வீக்கம் வடிய ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது கவலையைக் குறைக்கவில்லை, பசியைக் கூட்டியது. துக்கத்தோடு எட்டுத் துண்டு ரொட்டி சாப்பிட்டாள். சூப் குடித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் வேண்டாமென்று வைத்த ஆப்பிளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தால் அழுதாள். அழுதுகொண்டே, "பிஸ்கட் இருக்கா?" என்றாள்.

காலையும் மாலையும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தாள். சின்னப் பெண், பெரிய கைக்கடிகாரம். "பெருவிரல மட்டும் நினைங்க. ஈஸிதான்" என்றாள்.

"எது ஈஸி?"

"விரல அசைக்கறது."

"உனக்கு ஈஸி. விரல் உன் பேச்சக் கேக்குது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவள் சொல்லி வந்த வார்த்தை அது. கிளட்ச்ச மெதுவா விடு, ஈஸிதான். ஸ்டியரிங்கைப் பிடித்து வியர்த்த ஆயிரம் கைகளும் அவளைத் திட்டியிருக்கும்.

ஐந்தாம் நாள் தம்பி பார்க்க வந்தான். அக்காவுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று, வீட்டு வாஷிங் மெஷினைத் தானே பிரித்துப் பூட்டியிருப்பதாகச் சொன்னான்.

"நல்லாத்தானேடா ஓடிச்சு?"

"ஓடிச்சு. ஆனா ஒரு சத்தம் சந்தேகமா இருந்துது. இப்ப சத்தமே இல்ல."

"துணி தோய்க்குதா?"

தம்பி ஜன்னலைப் பார்த்தான். "சத்தமே இல்லக்கா."

அவள் அவனைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் பிறந்ததிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தாள். அவனுடைய எட்டாம் வகுப்புக்கு வந்தபோது பிசியோ, "நிறுத்துங்க" என்றாள். எல்லோரும் அவள் கை காட்டிய இடத்தைப் பார்த்தார்கள். போர்வையின் நுனியில் பெருவிரல் அரை அங்குலம் எழும்பி, இறங்கியது.

"மறுபடி பண்ணுங்க."

பண்ண வரவில்லை.

"அவரத் திட்டுங்க" என்றாள் பிசியோ.

தம்பி பெருமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு எட்டாம் வகுப்பிலிருந்து அவன் கல்யாணம் வரைக்கும் வந்தார்கள். விரல் நான்கு தடவை அசைந்தது. மாலையில் சுவர் டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். விரல் மறுபடி எழும்பியதும், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். பரிசோதனை முடிவும் வந்திருந்தது. புற்றுநோய் இல்லை.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்தவள், பள்ளியின் பயிற்சிக் கார் நிற்பதையும், ஓட்டுகிறவர் இடத்தில் கணவர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவருக்குக் கார் கற்றுக்கொடுக்க அவள் இரண்டு நாள் முயன்றிருந்தாள். மூன்றாம் நாள் குடும்பம் நிலைக்க வேண்டுமென்று இருவரும் சேர்ந்து அதைக் கைவிட்டார்கள். இப்போது அவர், அவள் ஸ்கேன் எடுத்த வாரத்திலிருந்தே பள்ளியில் இன்னொரு பயிற்சியாளரிடம் ரகசியமாகக் கற்றிருக்கிறார். லைசென்ஸை எடுத்துக் காட்டினார். லேமினேட் செய்திருந்தார்.

வீட்டுக்குப் பதினைந்து நிமிட வழி. ஐம்பது நிமிடம் ஆனது. ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார், ஒரு நாய் முந்திக்கொண்டு போனது. அவள் பின் இருக்கையில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். வீடு வந்ததும் அவர் திரும்பி, "எப்படி இருந்துது?" என்றார்.

அவள் யோசித்தாள். "யாரையும் இடிக்கல" என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த மாதங்கள் நடப்பதிலேயே போயின. முதலில் நாலு கால் ஊன்றுகோல், பிறகு கைத்தடி. பாதத்தை இழுத்து நடந்ததால் வலது செருப்பு மட்டும் தேய்ந்தது. வலிப்பு இல்லாமல் ஒரு வருடம் போனால்தான் காரில் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பள்ளியில் சாலை விதிகள் வகுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். தூக்கம் வருகிற வகுப்பு என்று அவள் எப்போதும் கேலி செய்து வந்த வகுப்பு அது. இப்போது வாரம் மூன்று நாள் கரும்பலகை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை நடத்தினாள். ஈஸிதான் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நாலாம் வாரம் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டாள்.

வீட்டுக்கு முன்னால் நான்கு வழிச் சாலை. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இருபத்தெட்டு நொடி எரியும். பிசியோ வைத்த கடைசிப் பரீட்சை அதுதான்: பச்சை அணைவதற்குள் எதிர்ப்பக்கம் போக வேண்டும். முதல் தடவை பாதிச் சாலைகூடத் தாண்டவில்லை, சிவப்பு விழுந்துவிட்டது. நின்ற கார்களில் முன்னால் இருந்தவர் அந்த வங்கி அதிகாரி. பிரேக் அக்காவைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து, இரு கையையும் விரித்து எல்லா வண்டிகளையும் நிறுத்தினார். அவள் அவமானத்தில் குறுகிப்போய், "போய் ஹேண்ட் பிரேக்கப் போடுங்க, கார் உருளுது" என்றாள். உண்மையாகவே உருண்டுகொண்டிருந்தது. அவர் காரைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

இரண்டாம் வாரம் நாற்பது நொடி. பிறகு முப்பத்தைந்து. கணவர் ஒரு பழைய நிறுத்துகடிகாரத்தோடு நடைபாதையில் நின்று சத்தமாக எண்ணுவார். சத்தமாக எண்ணினால் அவளுக்குக் கால் பின்னிக்கொண்டது. மனதுக்குள் எண்ணச் சொன்னாள். அப்புறம் அவர் எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது. திரும்பி நிற்கச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்து குறைவாக இருந்தது. பச்சை விழுந்தது. குதிகால், பாதம், விரல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். நடுக்கோடு தாண்டியபோது பதினான்கு நொடி ஆகியிருந்தது. தடியை ஊன்றவே மறந்துவிட்டாள், அது கையில் ஆடிக்கொண்டு வந்தது. எதிர் நடைபாதையில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். விளக்கு இன்னும் பச்சையாகவே எரிந்தது.

"இருபத்தஞ்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து கணவர் கத்தினார். திரும்பி நிற்கச் சொன்னதை அவர் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அவள் சும்மா விட்டுவிட்டாள்.

பச்சை அணைந்து கார்கள் கிளம்பின. மூச்சு வாங்கியது, சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் சுற்றும் முற்றும் பார்த்தாள். மூடிய ஒரு மருந்துக் கடை, ஒரு குப்பைத்தொட்டி, சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். இத்தனை வாரம் பாடுபட்டு வந்து சேர்ந்த அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"அங்க என்ன பண்ணப் போற?" என்று சாலைக்கு மேலாகக் கேட்டார் கணவர்.

"கொஞ்ச நேரம் நிக்கறேங்க" என்றாள்.

மூடிய கடையின் படியில் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள்.